சாவிக்கு முன்னால் சலான்

தாடிக்கொம்பில் ராத்திரி எட்டரை மணிக்கு மேல் என் வீட்டுக் கதவை யாராவது தட்டினால் இரண்டே காரணம்தான் இருக்க முடியும். ஒன்று, கரண்ட் போயிருக்கும். ‘உங்க வீட்லயும் இல்லையா? அப்ப சரி’ என்று பரம திருப்தியோடு திரும்பிப் போவார்கள். இரண்டு, இன்கம்டாக்ஸ்.

இரண்டாவதற்கு நானே பொறுப்பு. திண்டுக்கல்லில் நான் குப்பை கொட்டும் ஆபீஸில், ஜூலை மாதம் வந்தால் பதினாலு பேருடைய ரிட்டர்னை நான்தான் பூர்த்தி செய்து கொடுப்பேன். கூலி, ஆளுக்கு ஒரு காபி, ஒரு போண்டா. (பதினைந்தாவது ஆள் மானேஜர். அவரிடம் போண்டா கிடையாது. அன்று ஒருநாள் முறைக்க மாட்டார், அதுதான் கூலி.) இந்தப் புகழ் டவுன் பஸ் ஏறி தாடிக்கொம்பு வரை வந்து, தெருவில் எனக்கு ‘வரிக்கார ஸார்’ என்றே பெயர். வெயிட் கொஞ்சம் கூடினால் நடையே மாறிவிடும் அல்லவா? எனக்கும் மாறியிருந்தது.

அன்று தட்டியது என் மச்சினன். கையில் அரைக் கிலோ ஜிலேபி. முகத்தில் ஆயிரம் வாட்ஸ் பல்பு.

“மச்சான்! கார் விழுந்திருச்சு!”

“ஐயையோ! எங்கடா, குடகனாத்துலயா? யாருக்கும் அடி இல்லையே?” என்று பதறி எழுந்தேன்.

“ஆத்துல இல்ல மச்சான். நமக்கு விழுந்திருச்சு. கூப்பன்ல! மொதப் பரிசு!”

விஷயம் இதுதான். ஐப்பசியில் ஒரு தர்மகாரிய சங்கத்துக்காரர்கள் ஊர் ஊராக வந்தார்கள். இலவசக் கண் சிகிச்சை முகாமுக்கு நிதி. கூப்பன் நூறு ரூபாய். குலுக்கலில் முதல் பரிசு ஒரு கார். மச்சினன் ரெண்டு வாங்கினான். நானும் ஒன்று வாங்கினேன். என்னுடையதன் பின்பக்கத்தில் என் பையன் யானை வரைந்துவிட்டான். மச்சினன் மட்டும் தன்னுடையதைப் பர்ஸில், சாமி படத்துக்குப் பின்னால் பத்திரமாக வைத்திருந்தான். அன்று சாயங்காலம் மில்லிலிருந்து வரும்போது போன் வந்ததாம். ‘வாழ்த்துகள் ஸார், கூப்பன் வாங்கினீங்களே, அதுல உங்களுக்குத்தான் கார். எட்டு லட்ச ரூபா வண்டி. விவரம் நாளைக்குச் சொல்றோம்.’

“இன்னிக்கு என்ன நாள்?” என்று சமையலறையிலிருந்து குரல் கொடுத்தாள் என் மனைவி. “தேய்பிறை அஷ்டமி! பைரவர் கண்ணைத் தொறந்துட்டாருடா தம்பி!”

வெளியூர் வாசகர்களுக்கு ஒரு வார்த்தை. எங்கள் ஊர் சௌந்தரராஜப் பெருமாள் கோயிலுக்கு ரசிகர்கள் வருவது மண்டபத்துத் தூண் சிற்பங்களைப் பார்க்க. கடன்காரர்கள் வருவது சொர்ண ஆகர்ஷண பைரவரைப் பார்க்க. தேய்பிறை அஷ்டமியன்று ரெண்டாவது கோஷ்டி எப்போதும் ஜாஸ்தி. வீடு கட்டிய கடன் கழுத்தை நெரிப்பதால் மச்சினன் அந்தக் கோஷ்டியில் மாதம் தவறாத மெம்பர்.

எல்லோரும் ஜிலேபி தின்ன ஆரம்பித்தார்கள். நான் மட்டும் கண்ணாடியை மூக்கின் நுனிக்குத் தள்ளிக்கொண்டு, காலண்டர் தாளைக் கிழித்து, பின்பக்கத்தைத் திருப்பினேன். வரிக்கார ஸார் முழித்துக்கொண்டுவிட்டார்.

“மாப்ளே, ஆட்டம் போடாதே. இதுக்கு வரி இருக்கு.”

“எனக்கு எங்க மச்சான் வரி? பன்னண்டு லட்சம் வரைக்கும் வரியே கிடையாதுன்னு நிதியமைச்சரே சொல்லிட்டாங்க. என் சம்பளம் மாசம் இருபத்திரண்டாயிரம். கார் எட்டு லட்சம். ரெண்டையும் சேர்த்தாக்கூட பத்தே முக்கால் லட்சம் தாண்டாது.”

பையன் கணக்குப் போட்டுக்கொண்டுதான் வந்திருக்கிறான்! ஆனால் படித்தவர்கள், பாங்கில் இருப்பவர்கள் எல்லாம் வழுக்கி விழுகிற இடமும் இதேதான். 2025 பட்ஜெட்டில் சொன்ன அந்தப் பன்னிரண்டு லட்ச ரூபாய்ச் சலுகை சம்பளம், வட்டி மாதிரி சாதாரண வருமானத்துக்கு. லாட்டரிப் பரிசு அந்தப் பந்தியில் உட்காராது. அதற்குத் தனி இலை, தனிப் பரிமாறல். 1961ஆம் வருஷத்து வருமான வரிச் சட்டத்தில் 115 பி.பி. என்று ஒரு பிரிவு. குலுக்கலில் வந்ததா? எடு 30 சதவிகிதம். அதன் மேல் 4 சதவிகிதம் செஸ். நீங்கள் கோடீஸ்வரரா, மில்லில் கணக்கு எழுதுகிறவரா என்றெல்லாம் அது கேட்காது. எல்.ஐ.சி., பி.எஃப்., பிள்ளையின் ஸ்கூல் ஃபீஸ் எதையும் காட்டிக் குறைக்க முடியாது. அவ்வளவு ஏன், கூப்பன் வாங்கிய நூறு ரூபாயைக்கூடச் செலவாகக் கழிக்க முடியாது! (1961ஆம் வருஷச் சட்டத்துக்குப் பதிலாக 2025ல் நிறைவேற்றிய புதுச் சட்டத்துக்கு 2026 ஏப்ரல் 1 என்று தேதி குறித்தார்கள். அதில் பிரிவுகளின் நம்பர்தான் வேறு. முப்பது அதே முப்பது.)

“இது லாட்டரி இல்லையே மச்சான். தர்மத்துக்கு வித்த கூப்பன்.”

நல்ல கேள்வி. இந்தக் கேள்வியைப் பலபேர் கேட்டுக் கேட்டுத்தானோ என்னவோ, 2001ல் சட்டத்தில் ஒரு விளக்கம் சேர்த்தார்கள். சீட்டுக் குலுக்கியோ, அதிர்ஷ்டத்தின் பேரிலோ, எந்தத் திட்டத்தில், என்ன பெயர் வைத்துப் பரிசு கொடுத்தாலும் அது ‘லாட்டரி’தான். விற்றவன் மனசில் இருந்தது தர்மம். வாங்கியவன் வாசலில் நிற்பது வருமானம். காசாக வராமல் காராக வந்தாலும் மார்க்கெட் விலைக்குக் கணக்கு.

காலண்டர் தாளில் போட்டேன். எட்டு லட்சத்துக்கு முப்பது சதவிகிதம் 2,40,000. அதில் நாலு சதவிகித செஸ் 9,600. ஆக மொத்தம் 2,49,600 ரூபாய்.

ஜிலேபி மச்சினன் தொண்டையில் நின்றது.

“சரி மச்சான்... கார்லேர்ந்து கழிச்சுக்க மாட்டாங்களா?”

“எதைக் கழிப்பாங்க? ரெண்டு டயரையும் ஸ்டியரிங்கையுமா?”

ரொக்கப் பரிசு என்றால் சுலபம். பத்தாயிரம் ரூபாய்க்கு மேல் போனால், கொடுக்கிறவரே முப்பது சதவிகிதத்தைப் பிடித்துக்கொண்டு மிச்சத்தைக் கொடுத்துவிடுவார். அது 194 பி. பாதி ரொக்கம், பாதி பொருள் என்றால் மொத்தத்துக்கும் உண்டான வரியை அந்த ரொக்கத்திலிருந்து பிடிப்பார்கள். முழுக்க முழுக்கப் பொருள் என்றால்? அங்கேதான் சட்டம் ஒரு திண்டுக்கல் பூட்டைப் போட்டிருக்கிறது. வரி கட்டியாகிவிட்டது என்று நிச்சயப்படுத்திக்கொண்ட பிறகுதான் பரிசை ஒப்படைக்க வேண்டும். தவறினால் கொடுத்தவர் அபராதம் கட்ட வேண்டியிருக்கும். அதாவது, முதலில் சலான், அப்புறம்தான் சாவி.

“யானை வாங்கினவன் அங்குசம் வாங்க யோசிச்ச கதை தெரியும். இது யானை இனாம், அங்குசம் ரெண்டரை லட்சம்” என்றேன். ரொம்ப நல்ல ஜோக் என்று அப்போது நினைத்தேன். யாரும் சிரிக்கவில்லை.

*

பையன் முகம் விழுந்துபோனதால், ஆறுதலாக இருக்கட்டும் என்று கொஞ்சம் சரித்திரம் சொன்னேன். (எனக்கு ஆறுதல் சொல்ல வரும் ஒரே முறை இதுதான்.)

1968ல் அண்ணா முதலமைச்சராக இருந்தபோது தமிழ்நாடு அரசே பரிசுச் சீட்டு ஆரம்பித்தது. ‘விழுந்தால் வீட்டுக்கு, விழாவிட்டால் நாட்டுக்கு’ என்று அதற்கு ஒரு கோஷம். வீட்டுத் திண்ணையில் இருக்கிற பெரியவர்களைக் கேட்டுப் பாருங்கள், ராகத்தோடு சொல்வார்கள். அன்றைக்கு அது அட்சரம் பிசகாத உண்மை. தற்செயலாக, ஒரே ஒரு தடவை கிடைக்கிற பணத்துக்கு அப்போது வருமான வரி கிடையாது. 1972ல்தான் லாட்டரிப் பரிசையும் வருமானம் என்று சட்டத்தில் எழுதினார்கள். 1986ல் எந்தத் தள்ளுபடியும் இல்லாமல் ஒரே போடாக 40 சதவிகிதம். 2001ல் அதை 30 ஆக்கினார்கள். 2003ல் தமிழ்நாட்டில் லாட்டரிச் சீட்டையே தடை செய்துவிட்டார்கள். ஆக, கோஷத்தைத் திருத்திச் சொல்வதானால், விழாவிட்டால் முழுசாக நாட்டுக்கு, விழுந்தால் மூன்றில் ஒரு பங்குக்குக் கொஞ்சம் கம்மியாக நாட்டுக்கு!

‘நான் குலுக்கலில் ஜெயிக்கவில்லை, திறமையில் ஜெயித்தேன்’ என்று ஒருவர் வாதாடியே பார்த்தார். 1973ல் அகில இந்திய நெடுஞ்சாலை மோட்டார் ராலி என்று ஒன்று நடந்தது. 6,956 கிலோமீட்டர். டெல்லி, கல்கத்தா, மெட்ராஸ், பம்பாய் எங்கே வேண்டுமானாலும் கிளம்பி, ஒரு சுற்று சுற்றி, கிளம்பின இடத்துக்கே வந்து சேர வேண்டும். ஜி.ஆர். கார்த்திகேயன் என்பவர் முதல் பரிசு வாங்கினார். இந்தியன் ஆயில் கொடுத்தது 20,000, ராலிக்காரர்கள் கொடுத்தது 2,000. மொத்தம் 22,000 ரூபாய். வருமான வரி அதிகாரி, ‘இது வருமானம்’ என்றார். இவர், ‘ராலி என்பது பந்தயமே இல்லை, வண்டியும் ஆளும் தாங்குகிறார்களா என்று பார்க்கிற சோதனை’ என்றார். அப்பீலில் ஜெயித்தார். டிரிப்யூனலில் ஜெயித்தார். சென்னை ஹைகோர்ட்டிலும் ஜெயித்தார். கடைசியில் 1993ல் சுப்ரீம் கோர்ட், ‘பந்தயமோ இல்லையோ, வருமானம் என்ற சொல் ரொம்ப விசாலமானது, இதுவும் அதற்குள் வரும்’ என்று தீர்ப்புச் சொல்லிவிட்டது. ஏழாயிரம் கிலோமீட்டரைக் காரில் கடந்தவரை இருபது வருஷம் கோர்ட்டில் ஓட்டினார்கள்!

அமெரிக்காவிலும் இதே கதைதான். 2004ல் ஓப்ரா வின்ஃப்ரே தன் டி.வி. நிகழ்ச்சிக்கு வந்திருந்த 276 பேருக்கும் ஆளுக்கொரு புத்தம்புது போன்டியாக் காரைத் தூக்கிக் கொடுத்தார். அரங்கமே அழுதது, குதித்தது. விற்பனை வரியையும் பதிவுச் செலவையும் கார் கம்பெனி ஏற்றுக்கொண்டது. வருமான வரியை யார் ஏற்பது? வாங்கினவர்தான். சிலருக்கு 7,000 டாலர் வரை வந்தது. அப்புறம் அழுதவர்கள் ஆனந்தத்தில் அழவில்லை.

“வரியே இல்லாத ஊரே கிடையாதா மச்சான்?”

“இருக்கு. பிரிட்டன்ல லாட்டரிப் பரிசுக்கு வருமான வரி இல்லை. துபாய் ஏர்போர்ட்ல 1989லேர்ந்து கார் பரிசுச் சீட்டு விக்கறாங்க. அங்கேயே குடியிருந்து வேலை பாக்கற நம்ம ஆளுக்கு அங்கே விழுந்தா ஒரு பைசா வரி கிடையாது. ஆனா நீ குடியிருக்கிறது தாடிக்கொம்பு. இந்தியாவுல குடியிருக்கறவனுக்கு உலகத்துல எந்த மூலையில வருமானம் வந்தாலும் இங்கே வரி.”

“அப்ப ரெண்டரை லட்சம் கட்டித்தான் ஆகணும்.”

“கட்டித்தான் ஆகணும்” என்று காலண்டர் தாளை மடித்து அவன் சட்டைப் பையில் வைத்தேன். தட்டில் ஒரு ஜிலேபி மிச்சம் இருந்தது. அதையும் நானே எடுத்துக்கொண்டேன். இப்போது நினைத்தாலும் கசக்கிறது.

*

மறுநாள் காலை பத்து மணிக்கு ஆபீஸுக்கு போன்.

“மச்சான், நீங்க தெய்வம்!”

“எந்தத் தெய்வம்?”

“அவங்க பேசினாங்க மச்சான். நீங்க சொன்ன மாதிரியே, அட்சரம் மாறாம சொல்றாங்க. ‘முழுக்கப் பொருளாக் குடுக்கற பரிசு ஸார், சட்டப்படி வரி கட்டினாத்தான் வண்டியை ரிலீஸ் பண்ண முடியும். முப்பது சதவிகிதம், ரெண்டு லட்சத்து நாப்பதாயிரம்’னாங்க. நீங்க எழுதிக் குடுத்த அதே நம்பர்! இல்லேன்னா நான் சந்தேகப்பட்டிருப்பேன். இன்னிக்கு மூணு மணிக்குள்ள கட்டணுமாம். வருமான வரி முத்திரை போட்ட பேப்பர்கூட போன்ல அனுப்பிட்டாங்க.”

வாசகர்களே, இந்த இடத்தில் எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. அதற்குப் பதில் பெருமை வந்தது. “சட்டம் தெரிஞ்ச பார்ட்டிதான்டா. தைரியமாக் கட்டு” என்று சொல்லியும் தொலைத்தேன்!

பதினொன்றரைக்கு ஒரு மணி நேரம் பர்மிஷன் போட்டுவிட்டுப் போனேன். பாங்கில் நகைக்கடன் கவுண்டர். மச்சினன் நிற்கிறான். பக்கத்தில் அவன் மனைவி, எனக்குத் தங்கச்சி முறை. தாலியைத் தவிர மிச்சத்தையெல்லாம் கழற்றி மஞ்சள் பையில் போட்டு, பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டிருந்தாள். வளையல் போன இடத்தில் மணிக்கட்டு வெளுத்துத் தெரிந்தது. “அண்ணே, வண்டியை வந்த விலைக்குக் குடுத்துட்டு நகையைத் திருப்பிட்டு, மிச்சத்தை வீட்டுக் கடனுக்குக் கட்டிரலாம்ல?” என்றாள். கணக்கு சரியாகத்தான் இருந்தது. நான் போட்டுக் கொடுத்த கணக்கு.

டோக்கன் நம்பர் 31. கவுண்டரில் 27 ஓடிக்கொண்டிருந்தது.

அப்போது பாஸ்புக் பதிய வந்தார் எங்கள் ஹெட்கிளார்க். அடுத்த வருஷம் ரிடையர் ஆகிறவர். வருமான வரியில் ஒரு பிரிவுகூட அவருக்குத் தெரியாது. (என் போண்டா கஸ்டமர்.) விஷயத்தைச் சொன்னோம். 115 பி.பி., 194 பி., சுப்ரீம் கோர்ட், ஓப்ரா எல்லாவற்றையும் நான் விளக்கினேன். பொறுமையாகக் கேட்டார். அப்புறம் கேட்டது ஒரே கேள்வி.

“எல்லாம் சரி தம்பி. குலுக்கல் என்னிக்கு?”

நானும் மச்சினனும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். மச்சினன் பர்ஸைத் திறந்து, பைரவர் படத்துக்குப் பின்னாலிருந்து கூப்பனை எடுத்தான். அடியில், பொடி எழுத்தில் அச்சடித்திருந்தது: ‘குலுக்கல் நாள்: தைப்பொங்கல்.’

அன்று மார்கழி. இன்னும் சீட்டையே குலுக்கவில்லை. குலுக்காமலே விழுந்த கார்!

டோக்கன் 29.

“உன் கூப்பன் நம்பரை அவன் சொன்னானா?” என்றார் ஹெட்கிளார்க்.

“அவங்க... கூப்பன் வாங்கினீங்களேன்னாங்க. நான்தான் ‘ஆமா, கண் ஆஸ்பத்திரிக் கூப்பன்’னேன். ‘அதேதான்’னாங்க.”

கிளி ஜோசியக்காரன் வித்தை! ‘உங்களுக்கு முழங்கால்ல ஒரு தழும்பு இருக்கணுமே’ என்பான். யாருக்குத்தான் இல்லை? நம்மில் எப்போதோ ஒரு கூப்பன் வாங்காதவன் யார்? நூறு பேருக்கு போன் போட்டால் தொண்ணூறு பேர் மீதிக் கதையைத் தாங்களே சொல்லிவிடுவார்கள். முப்பது சதவிகிதம் என்பதும் ரகசியம் இல்லை. எனக்குத் தெரிந்தது திருடனுக்குத் தெரியாதா? எந்தச் சட்டம் நேர்மையானவனைக் கட்டிப்போட எழுதப்பட்டதோ, அதே சட்டத்தைத் திருடன் தூண்டிலில் புழுவாகக் கோத்திருக்கிறான். அந்தப் புழுவை நான்தான் ‘அசல் புழு’ என்று சர்ட்டிபிகேட் கொடுத்து ஊட்டியிருக்கிறேன்.

“இப்ப அவனுக்குப் போன் போடு” என்றார் ஹெட்கிளார்க். “வரியை நானே நேராக் கட்டிட்டு ரசீதைக் காட்டறேன்னு சொல்லு.”

மச்சினன் ஸ்பீக்கரில் போட்டான். நல்ல தமிழ், தேன் ஒழுகும் மரியாதை.

“ஸார், வரியை நானே என் பான் நம்பர்ல கட்டிட்டு சலான் அனுப்பறேன்.”

“அதெல்லாம் உங்களுக்குச் சிரமம் ஸார். எங்க ஆபீஸர் அக்கவுன்ட் நம்பர் அனுப்பியிருக்கோமே, அதுல போட்டுடுங்க. நாங்க கட்டிக்கிறோம்.”

நான் போனை வாங்கினேன். முதல் முறையாக என் ஞானத்துக்கு ஒரு பிரயோஜனம். “ஸார், நீங்க டி.டி.எஸ். கட்டறதுன்னா உங்களுக்கு டான் நம்பர் இருக்கணுமே, அதைச் சொல்லுங்க. எழுதிக்கிறேன்.”

“என்ன நம்பர்?”

“டான். டி, ஏ, என்.”

கட்!

மறுபடி போட்டோம். சுவிட்ச் ஆஃப். கவுண்டரில், “டோக்கன் முப்பத்தொண்ணு!” என்று கூப்பிட்டார்கள். தங்கச்சி மஞ்சள் பையைப் பிரித்து, அங்கேயே நின்று, ஒவ்வொரு வளையலாகப் போட்டுக்கொண்டாள். என் பக்கம் திரும்பவே இல்லை. திட்டியிருந்தால் தேவலை என்றிருந்தது.

*

அன்று நான் கற்றதை, போண்டாகூட வாங்காமல் உங்களுக்குச் சொல்கிறேன்.

நிஜமாகவே உங்களுக்குக் கார் விழுந்தால் வரி உண்டு. அதை முதலில் கட்டத்தான் வேண்டும். ஆனால் வரி அரசாங்கத்துக்குத்தான் போகும். எந்த ஆபீஸருடைய சொந்தக் கணக்குக்கும் போகாது. நீங்களே உங்கள் பான் நம்பரைப் போட்டு, வருமான வரித்துறை இணையதளம் வழியாக முன்வரியாகக் கட்டலாம். சலான் உங்கள் கையில் இருக்கும். அதைக் காட்டிச் சாவியை வாங்கலாம். இல்லையென்றால் பரிசு கொடுப்பவர் தன்னுடைய டான் நம்பரில் உங்களிடம் வாங்கிக் கட்டி, சர்ட்டிபிகேட் தர வேண்டும். எப்படிக் கட்டினாலும் பிற்பாடு உங்கள் பெயரிலுள்ள வரிக் கணக்கில், அதாவது படிவம் 26 ஏ.எஸ். என்கிறார்களே, அதில் வந்து உட்கார வேண்டும். ‘நானே கட்டறேன்’ என்ற இரண்டே வார்த்தைக்கு நிஜப் பரிசுக்காரர் ‘பேஷா’ என்பார். திருடன் போனை வைப்பான். கார் விழுகிறதோ இல்லையோ, இந்த இரண்டு வார்த்தையை மனப்பாடம் செய்துகொள்ளுங்கள்.

ஏற்கெனவே பணத்தைப் போட்டுவிட்டீர்களா? வெட்கப்பட்டு உட்காராதீர்கள். 1930 என்ற நம்பருக்கு உடனே போன் செய்து புகார் கொடுங்கள். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறீர்களோ, வழியில் பணத்தை நிறுத்த அவ்வளவு வாய்ப்பு. நாங்கள் பணம் போகவில்லை என்றாலும் புகார் கொடுத்துவிட்டுத்தான் வந்தோம்.

இன்னொன்று. டி.வி. விளம்பரத்தில் ‘வாங்குங்கள், காரை வெல்லுங்கள்’ என்று அலறிவிட்டு, கடைசியில் எறும்பு சைஸ் எழுத்தில் ‘இந்தச் சலுகை தமிழ்நாட்டுக்குப் பொருந்தாது’ என்று போடுவார்களே, ஏன் என்று யோசித்ததுண்டா? நம் மேல் விரோதம் இல்லை. 1979ல் வந்த தமிழ்நாடு பரிசுத் திட்டங்கள் தடைச் சட்டம்தான் காரணம். சாமான் வாங்குகிறவர்களுக்குச் சீட்டுக் குலுக்கிப் பரிசு கொடுப்பது இங்கே கூடாது. அது கடைக்காரர்களுக்கு. தர்மத்துக்காகக் கூப்பன் விற்பவர்களுக்கு வேறொரு பிரிவு. அரசின் அனுமதியில்லாமல் லாட்டரி குலுக்க இடம் வைத்து நடத்தினால் ஆறு மாதம் வரை சிறை என்று பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்தில் 294 ஏ. இருந்தது. 2024 ஜூலையிலிருந்து அமலில் இருக்கும் பாரதிய நியாய சன்ஹிதாவில் அது 297.

இதை அந்தக் கண் முகாம் சங்கத்துக்காரரிடம் போனில் சொன்னபோது மனிதர் ஆடிப்போய்விட்டார். “நாங்க யாருக்கும் போன் பண்ணலை ஸார்! நல்ல காரியத்துக்குத்தானேன்னு அச்சடிச்சுட்டோம்” என்றார். ஆடிட்டரைக் கேட்டார். குலுக்கலையே ரத்து செய்தார். ‘கேட்பவர்களுக்குப் பணம் திருப்பித் தரப்படும்’ என்று போர்டும் வைத்துவிட்டார். மச்சினன் போனான். திருப்பிக் கேட்கவில்லை. “ஆத்தாவுக்குக் கண்புரை. முகாம் போட்டா ஒரு வார்த்தை சொல்லுங்க” என்று மட்டும் எழுதிக் கொடுத்துவிட்டு வந்தான். இருநூறு ரூபாய் கடைசியில் போக வேண்டிய இடத்துக்கே போய்ச் சேர்ந்தது.

*

பொங்கல் வந்தது. தெருவில் இளவட்டங்கள் கோலப் போட்டி, உறியடி எல்லாம் வைத்து, கடைசியில் எல்லா வீட்டுப் பெயரையும் துண்டுச் சீட்டில் எழுதி ஒரு குடத்தில் போட்டு, ஒரு குழந்தையை விட்டு எடுக்கச் சொன்னார்கள். கூப்பனும் இல்லை, காசும் இல்லை.

குழந்தை எடுத்தது. மைக்கில் மச்சினன் பெயர்!

பரிசு, எவர்சில்வரில் நாலடுக்கு டிபன் கேரியர்.

அன்று ராத்திரி எட்டரை மணிக்குக் கதவு தட்டும் சத்தம். கரண்ட் இருந்தது. ஆகவே இன்கம்டாக்ஸ். மச்சினன் டிபன் கேரியரோடு நின்றான். பின்னால் தங்கச்சி. மார்கழிக்கு அப்புறம் அன்றுதான் எங்கள் வாசல்படி ஏறியிருந்தாள்.

“மச்சான், இதுவும் குலுக்கல்தானே? வரி உண்டா?”

கண்ணாடியை மூக்கு நுனிக்குத் தள்ளப் போன கையை நடுவிலேயே நிறுத்தினேன். பத்தாயிரத்துக்குள் என்பதால் டி.டி.எஸ். பிடிக்க வேண்டாம். ஆனால் வரி கிடையாது என்று சட்டம் சொல்லவில்லை. எந்தப் பெயரில் குலுக்கினாலும் லாட்டரி. தொள்ளாயிரம் ரூபாய்ப் பாத்திரத்துக்கு முப்பது சதவிகிதம் 270. செஸ் பத்து ரூபாய் எண்பது பைசா. ஜூலையில் ரிட்டர்னில் காட்டத்தான் வேண்டும்.

சொன்னேன். சொல்லாமல் இருக்க முடியவில்லை.

தங்கச்சி பின்னாலிருந்து முன்னால் வந்தாள். கேரியரின் மேலடுக்கைக் கழற்றி என் கையில் கொடுத்தாள். உள்ளே சூடாகச் சர்க்கரைப் பொங்கல்.

“நாலுல ஒண்ணு அண்ணே. இருபத்தஞ்சு சதவிகிதம்” என்றாள். “மிச்ச அஞ்சையும் செஸ்ஸையும் காபியாக் குடிச்சுட்டுப் போறேன். அண்ணியை டிகாக்ஷன் போடச் சொல்லுங்க!”